வாங்காத துணி அலமாரி

நாய் வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரத்திலேயே அம்மா அதன் போர்வையைத் துவைத்துவிட்டாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுடையது சலவைக்கடை. முன்னால் கடை, நடுவில் மெஷின் அறை, பின்னால் நாங்கள் இருக்கிற இரண்டு அறைகள். அழுக்குத் துணி கண்ணில் பட்டால் அம்மாவின் கை தானாக அதை எடுத்துவிடும். ஒருமுறை முடி வெட்டப் போன இடத்தில், கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்ட துணியில் கறை இருந்தது என்று அதைக் கையோடு சுருட்டிக்கொண்டு வந்து, துவைத்துத் தேய்த்து மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். பாதி வெட்டின முடியோடு நடந்து வந்தாள் என்று சித்தி சேர்த்துச் சொல்லுவாள். அது பொய்.

குற்றம் என்னுடையது. போர்வையைத் துவைக்கக் கூடாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாய் வேண்டும் என்று சொன்னது சித்தி. சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு இருப்பவள். கடையில் முன்மேசை அவளுடையது. சித்தி பேசுவாள், அம்மா துவைப்பாள், நான் மடிப்பேன். கடை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

"இவ வாயத் தொறந்து நாலு வார்த்த சேந்தாப்ல பேசி எத்தன நாளாச்சுக்கா? ஒரு நாய் இருந்தா 'வா', 'போ'ன்னாவது சொல்லுவா" என்றாள் சித்தி.

"அதுவும் இவள மாதிரியே வந்து வாய்ச்சுதுன்னா?" என்றாள் அம்மா.

"அப்ப ரெண்டு வாயில்லாப் பூச்சியும் ஒண்ணா உக்காந்திருக்கட்டும். பாக்க அழகா இருக்கும்."

நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். அப்பா வெளியூர் போனதும், வேலை இல்லாத நேரத்தில் கடையில் உதவுகிற ஒரு கை குறைந்தது. ஒரு வாரம் நிற்கிறேன் என்று நின்றேன். அடுத்த வாரமும் நின்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகவும் நிற்கவில்லை. படிப்பு அப்படியே நின்றுபோனது. இப்போது இரண்டரை வருஷம் ஆகிறது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேறொரு ஊரில் பெரிய கட்டடம், மூன்று மாத வேலை என்று போனார். மூன்று மாதமும் போன் பண்ணினார். பிறகு அவர் நம்பர் மாறிவிட்டது. உயிரோடுதான் இருக்கிறார். கூட வேலை செய்த ஒருவர் அவரைப் பார்த்திருக்கிறார். நன்றாகச் சதை போட்டிருக்கிறாராம்.

அப்பாவின் துணிகளை அம்மா துவைத்து, தேய்த்து, காகிதத்தில் கட்டி, வாங்காத துணி அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்தாள். எந்தச் சலவைக்கடையிலும் அப்படி ஒரு அலமாரி இருக்கும். கொடுத்தவர்கள் திரும்பி வாங்க வராத துணிகளை அதில் வைப்போம். 'மூன்று மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளாத துணிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ரசீதின் கீழே அச்சடித்திருக்கும். நிர்வாகம் என்றால் அம்மா. மூன்று மாதம் ஆனதும், இல்லாதவர்களுக்கு என்று துணி சேகரிக்க வருகிற வண்டியில் அவற்றைக் கொடுத்துவிடுவாள். அப்பாவின் ஆறு பொட்டலங்களை மட்டும் கொடுக்கவில்லை. அவ்வப்போது பிரித்து, மடிப்பு மாற்றித் தேய்த்து, மறுபடி கட்டி வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. சித்திகூடக் கேட்டதில்லை.

நாய்க் காப்பகத்துக்கு நானும் சித்தியும் போனோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பழுப்பு நிறத்தில் ஒரு நாய் கூண்டின் மூலையில், போர்வைமேல் சுருண்டு படுத்திருந்தது. இடது காது பாதியில் மடங்கி, கிளிப் மாட்டிய மாதிரி இருந்தது.

"அஞ்சு வயசு" என்றாள் பூட்ஸ் அக்கா. "வண்டி ரிப்பேர் பண்ற பட்டறை ஒண்ணுல வளந்தது. பட்டறைய மூடிட்டு ஆள் போயிட்டாரு. இது மூடின கதவுக்கு முன்னாடியே படுத்துக் கெடந்துச்சு. எங்ககிட்ட வந்தப்புறம் ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துடுச்சு."

"ஏன், கடிக்குமா?"

"கடிச்சாக்கூடத் தேவல. ஒரு வீட்ல சாப்பிடல. இன்னொரு வீட்ல யார் கூப்பிட்டாலும் வரல. பதினஞ்சு நாள் வச்சுப் பாருங்க. பதினஞ்சாம் நாள் நானே வந்து பாப்பேன். சரியா வரலேன்னா கூட்டிட்டு வந்துடுவேன். ஆனா ஒண்ணு, மூணாவது தடவ திரும்பி வந்தா அப்புறம் யாருக்கும் குடுக்க மாட்டோம். அதோ, அந்தப் பின்வரிசைதான்."

பின்வரிசையைப் பார்த்தேன். அங்கிருந்த நாய்கள் குரைக்கவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்திருந்ததும் கடைசி வரிசைதான், சுவரோரம்.

சித்தி கையெழுத்துப் போட அலுவலக அறைக்குள் போனாள். பூட்ஸ் அக்கா போர்வையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். கனமாக, பிசுபிசுப்பாக இருந்தது.

"இத மட்டும் துவைச்சிடாதம்மா. அதோட வாசன இதுலதான் இருக்கு. புது எடத்துல இத ஒண்ணத்தான் அது பிடிச்சுக்கிட்டு இருக்கும். பழகினப்புறம் துவைச்சுக்கலாம். அம்மாகிட்டயும் சொல்லிடு, என்ன?"

தலையாட்டினேன். நாங்கள் சலவைக்கடைக்காரர்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சித்தியிடம் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் நாய் தேய்க்கிற மேசையின் அடியில் போய் உட்கார்ந்தது. நான் போர்வையைத் தரையில் வைத்தேன். அம்மா மெஷின் அறையிலிருந்து வந்தாள். நாயைப் பார்ப்பதற்கு முன்னால் போர்வையைப் பார்த்தாள்.

"ஐயய்யோ, என்னடி இது? இதுலயா பாவம் படுக்குது?" என்று இரண்டு விரலால் அதைத் தூக்கினாள்.

"அம்மா" என்றேன்.

"என்ன?" இரண்டாம் நம்பர் மெஷினின் கதவைத் திறந்துவிட்டாள். இன்னொரு கையில் சோப்புத்தூள் கரண்டி இருந்தது.

சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. என் வாயில் அவை இருந்தன. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, சித்தி வாசலில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கதவு மூடியது. தண்ணீர் ஏறியது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் போர்வை சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் முதலில் காப்பி நிறமானது, பிறகு தெளிந்தது. நாய் மேசையடியிலிருந்து வெளியே வந்து, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, நாற்பது நிமிஷமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரேன், டீவி பாக்குது" என்றாள் சித்தி.

அம்மா போர்வையை உலர்த்தி, தேய்த்து, நாலாக மடித்து அதன் முன்னால் வைத்தாள். "பாத்தியா, புதுசாட்டம்." நாய் அதை ஒரு தடவை முகர்ந்தது. எழுந்து உலர்த்தும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்குக்குள் போய்விட்டது. அந்தப் போர்வையில் அது ஒருநாளும் படுக்கவில்லை.

காதைப் பார்த்துச் சித்தி அதற்குக் கிளிப் என்று பெயர் வைத்தாள். எங்கள் யார் கூப்பிட்டும் கிளிப் வரவில்லை. முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் சித்தி பூட்ஸ் அக்காவுக்குப் போன் போட்டாள். தண்ணீர் குடிக்கிறது என்றால் பயமில்லை, சாப்பாட்டை வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போங்கள் என்றாளாம். அப்படியே செய்தோம். நாங்கள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு இரண்டு மூன்று வாய் தின்றது. மீதி தட்டில் காய்ந்தது. மெஷின் அறையில் தண்ணீர் போகிற சாக்கடைக்குப் பக்கத்தில், அதுவும் நாங்கள் பார்க்காதபோது, ஒன்றுக்குப் போனது. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டினால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அதன் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. எதுவுமே இல்லை. நான் இடுக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கைக்குட்டைகளை மடிப்பேன். அது என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

நாலாம் நாள், நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி இடுக்கின் வாயில் வைத்தேன். போர்வையின் வாசனை போனால் என் வாசனையாவது இருக்கட்டும் என்று. அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சட்டையை எடுத்து நானும் முகர்ந்து பார்த்தேன். சோப்புத்தூள். நீராவி. வேறொன்றும் இல்லை. அம்மாவின் தலையணையை முகர்ந்தேன். சித்தியின் துண்டை முகர்ந்தேன். எல்லாம் அதே வாசனை, கடையில் துவைத்துக் கொடுக்கிற ஊர்த் துணிகளின் வாசனை. எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்தமாக வாசனை கிடையாது. அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

அதே சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு மூன்று நாள் கழற்றாமல் இருந்தேன். ஏழாம் நாள் காலையில் அம்மா என்னைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள்.

"இது வெள்ளிக்கெழம போட்ட சட்டதான?"

நான் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கழட்டுடி. சலவைக்கடைப் பொண்ணுன்னு வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

கழற்றிக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் மெஷினில் போட்டாள். மூன்று நாள் வேர்வை முப்பது நிமிஷத்தில் போய்விட்டது.

கடைக்கு வாரம் ஒருமுறை வருகிற ஒருவர் உண்டு. நாங்கள் ஆட்களைத் துணியை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வோம். அவர் காலர்க்காரர். எவ்வளவு துவைத்தாலும் காலரை விரித்துக் காட்டி, இங்கே பாருங்கள் என்பார். எட்டாம் நாள் அவர் மெஷின் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது கிளிப் இடுக்கிலிருந்து தலையை நீட்டியிருந்தது.

"என்னங்க இது, துணி தொவைக்கிற எடத்துல நாயா? என் சட்டையில முடி ஒட்டினா?"

"உங்க காலர்ல ஒட்டியிருக்கறதுக்கு நாய் முடி எவ்வளவோ தேவலங்க" என்றாள் சித்தி.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை முடி இருந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி அவர் சட்டையில் சீட்டைக் குத்தினாள்.

ஒன்பதாம் நாள் அம்மா, தட்டில் மீந்து கிடந்ததைக் குப்பையில் கொட்டிக்கொண்டே சொன்னாள். "இங்க இருக்க அதுக்கு இஷ்டமில்ல. இஷ்டமில்லாததப் பிடிச்சு வச்சுக்க முடியாது. பதினஞ்சாம் நாள் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போன் பண்ணி வரச் சொல்லிடுவோம்."

"பாவம்க்கா. திரும்பிப் போச்சுன்னா அந்தப் பின்வரிசதான்."

"நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் சுத்தமாத்தான வச்சிருக்கேன்."

சொல்ல வேண்டியது அதே மூன்று வார்த்தைதான். இப்போது ஒன்பது நாள் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. நான் தட்டைக் கழுவி வைத்தேன். சித்திதான் கெஞ்சி, சொன்ன கெடு வரைக்கும் இருக்கட்டும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தாள்.

பத்தாம் நாள் மதியம் கடையைச் சாத்தியிருந்தோம். ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை அம்மா படுப்பாள், சித்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவாள். நான் துணி எண்ணிக்கொண்டிருந்தேன். இடுக்கில் கிளிப் இல்லை. தேடினால், முன்னறையில் வாங்காத துணி அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. கீழ்த் தட்டில் பொட்டலங்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டது. வந்த நாளிலிருந்து அது எதையும் தேடி நான் பார்த்ததில்லை.

அப்பாவின் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். ஆறுக்கும் பின்னால், பின்பலகையோடு ஒட்டி, தடித்த பிளாஸ்டிக் பையில் ஏழாவதாக ஒன்று இருந்தது. கழுத்தை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அதில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ரசீது எண் இல்லை. கையால் துவைக்க வேண்டிய பட்டுக்கும் கம்பளிக்கும் நாங்கள் குத்துகிற அதே சீட்டு: 'மெஷினில் போடாதே.'

முடிச்சை அவிழ்த்தேன். அப்பாவின் வேலைக்கோட்டு. நீல நிறம். முன்கை இரண்டும் கிரீஸ் படிந்து கறுத்துப் போயிருந்தன. துவைக்காதது. பையைத் திறந்ததும் கிரீசும் இரும்பும் பீடியும் வேர்வையும் சேர்ந்து வந்தது.

அப்பாவே வந்து நின்ற மாதிரி இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி இருக்கவில்லை. ஒரு பழைய துணியின் வாசனையாகத்தான் இருந்தது. ஆனால் பையைக் கட்டாமல் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கிளிப் என் கைக்கு அடியில் தலையை நுழைத்துக் கோட்டை இழுத்தது. தரையில் போட்டு, ஒருமுறை சுற்றி, அதன்மேல் படுத்து, முகத்தைக் கைப்பகுதிக்குள் விட்டுக்கொண்டது. பட்டறையில் வளர்ந்த நாய் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு காலையும் நீட்டித் தூங்கிவிட்டது. அது தூங்கி நான் பார்த்ததில்லை. விழித்ததும் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். நான் இருக்கும்போதே, முழுவதையும் தின்றது.

மூன்று மணிக்கு முன்னால் கோட்டைப் பையில் போட்டு, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, பொட்டலங்களுக்குப் பின்னால் வைத்தேன். கிளிப் அலமாரி முன்னாலேயே படுத்துக்கொண்டது. "எடத்த மாத்திக்கிச்சு" என்றாள் சித்தி. பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் அப்படியே செய்தேன். திறக்கத் திறக்க வாசனை குறைகிறதோ என்று இருந்தது. கோட்டு முழுவதும் பழுப்பு முடி. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அம்மாவின் பொருளை எடுத்து நாய்க்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்தினால் நாய் திரும்பிப் போகும் என்றும் தெரிந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடி பிடுங்கினேன்.

பதின்மூன்றாம் நாள் மூன்றாம் நம்பர் மெஷின் நடுவில் நின்று கூவ ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

கிளிப் கோட்டின்மேல் படுத்திருந்தது. ஆறு பொட்டலமும் தரையில் இருந்தன.

அம்மாவின் கை முன்னால் வந்தது. அழுக்குத் துணியைப் பார்த்தால் வருகிற அதே கை. பாதியில் நின்றது. கிளிப் எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்துவிட்டு, மூக்கை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டது.

"எத்தன நாளா?" என்றாள் அம்மா.

"நாலு."

"முடிச்சு மாறியிருந்துச்சு. நேத்தே பாத்தேன்."

"நீயும் தொறப்பியாம்மா?"

"எப்பவாவது." பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் நூலைச் சரிசெய்தாள். "தொறந்தா ஏதாச்சும் தோணும்னு தொறப்பேன். அழுக வரும், இல்ல ஆத்திரம் வரும்னு. ஒண்ணும் வராது. மூடி வச்சிடுவேன். துவைக்கவும் மனசு வரல." பிறகு நாயைப் பார்த்தாள். "நான் அவ்வளவு சுத்தமாத் துவைச்சுக் குடுத்தேன், அந்தப் போர்வைய இது திரும்பிக்கூடப் பாக்கல. இந்த அழுக்குல படுத்திருக்கு."

"அம்மா."

"என்ன?"

"போர்வையத் துவைக்கக் கூடாதுன்னு அந்தக்கா சொன்னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க. அதோட வாசன அதுல இருக்குன்னு. நான் உங்கிட்ட சொல்லல."

அவ்வளவு நீளமாக நான் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

அம்மா கவிழ்த்து வைத்திருந்த துணிக்கூடையின்மேல் உட்கார்ந்தாள். "நான் சோப்புத்தூள் போடறப்ப கூப்பிட்டியே."

"ஆமா."

"அதுக்கா கூப்பிட்ட?"

"ஆமா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். வெளியே ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓய்ந்த பிறகு, "இன்னொரு தடவ என்னன்னு கேட்டிருக்கலாம் நான்" என்றாள். எழுந்து மெஷினைப் பார்க்கப் போனாள். போகும்போது திரும்பாமல், "அதுகிட்டயே கெடக்கட்டும். கட்டி வைக்காத" என்றாள்.

பதினைந்தாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. பூட்ஸ் அக்கா வந்தாள். வாசலில் நின்று பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"சலவைக்கடைன்னு நீங்க சொல்லவே இல்லயே!"

"நீங்க கேக்கவே இல்லயே" என்றாள் சித்தி.

அவள் எடை பார்க்கிற பலகை ஒன்று கொண்டுவந்திருந்தாள். கிளிப்பைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினாள். ஒரு கிலோ குறைந்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. "போர்வ எங்க?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே துவைச்சிட்டோம்" என்றேன். "தப்பு என்னோடதுதான். நீங்க சொன்னத நான் வீட்ல சொல்லல. இப்ப அஞ்சாறு நாளா நல்லாச் சாப்பிடுது."

பூட்ஸ் அக்கா எடைப் பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள். "சாப்பிட்டா மட்டும் போதாதும்மா. வெளிய வரணும். கூப்பிட்டா வரணும். இல்லேன்னா நாளைக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டு ஓடிச்சுன்னா யாராலயும் பிடிக்க முடியாது. ஒண்ணு செய். நீ வாசலுக்குப் போய் நின்னு கூப்பிடு. வந்துச்சுன்னா நான் இப்படியே போயிடறேன். வரலேன்னா கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காத."

கடையில் காலர்க்காரர் நின்றிருந்தார். இரண்டு ஓட்டல் ஆட்கள் மேசைவிரிப்பு மூட்டைகளோடு நின்றார்கள். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். வாசலுக்குப் போய்த் தூறலில் நின்றேன். கிளிப் உள்ளே, அலமாரிக்கு முன்னால், கோட்டின்மேல் இருந்தது.

"கிளிப்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாடி" என்றாள் சித்தி. "வாடகைக்கா வாங்கியிருக்க வாய?"

ஓட்டல் ஆட்களில் ஒருவர் சிரித்தார். என் முகம் எரிந்தது. எரிவது தெரிந்தது. "கிளிப்! வா! வா இங்க!" என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கிளிப் எழுந்தது. என்னைப் பார்த்தது, கோட்டைப் பார்த்தது. இரண்டடி வைத்தது, நின்றது. திரும்பிப் போனது. பூட்ஸ் அக்கா கயிற்றைக் கையில் எடுத்தாள். கிளிப் குனிந்து கோட்டின் கைப்பகுதியைக் கவ்வியது. அதை இழுத்துக்கொண்டு, காலர்க்காரரின் கால்களுக்கு நடுவில் புகுந்து, முன்மேசையைத் தாண்டி, படியில் இறங்கி, மழைத்தண்ணீர் தேங்கியிருந்த இடத்தின் வழியாகவே வந்து என் காலடியில் நின்றது. கோட்டு பின்னால் நீளமாகக் கிடந்தது. தேங்கிய தண்ணீரை உறிஞ்சிக் கறுப்பாகிக்கொண்டிருந்தது.

"அந்தக் கோட்டும் நனையுதேம்மா" என்றார் காலர்க்காரர்.

"நனையட்டும்" என்றாள் அம்மா.

பூட்ஸ் அக்கா கயிற்றை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். காகிதத்தை முன்மேசைமேல் விரித்து எழுத ஆரம்பித்தாள். "கோட்டு யாரோடது? வீட்ல யாராவது ஆம்பளைங்க இருக்காங்களா? இதுல எழுதணும்."

சித்தி வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "இல்ல. நாங்க மூணு பேர்தான். கோட்டு, யாரும் வாங்கிட்டுப் போகாதது."

பூட்ஸ் அக்கா மூன்று என்று எழுதினாள்.

அவள் போன பிறகு நானும் கிளிப்பும் தெருமுனைவரை நடந்தோம். கயிறு என் கையில் இருந்தது. கோட்டு அதன் வாயில் இருந்தது. தெருமுனையில் அது கோட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு விளக்குக் கம்பத்தை முகர்ந்தது. பிறகு மறுபடி எடுத்துக்கொண்டது. சந்தோஷமாக இருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. குளிர்ந்தது. குளிர்வது நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் துணி சேகரிக்கிற வண்டி வந்தது. அம்மா அலமாரியிலிருந்து மூன்று மாதம் கடந்தவற்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு போர்வை, ஒரு குழந்தைச் சட்டை, திரைச்சீலைகள். பிறகு கீழ்த் தட்டின் முன்னால் குனிந்து, ஆறு பொட்டலங்களையும் அடுக்கி எடுத்து, சீட்டுகளைக் கிழித்துவிட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்தாள். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

கீழ்த் தட்டைத் துடைத்துக் காலியாக விட்டாள். கிளிப் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்து, இறங்கிவிட்டது.

கோட்டு கதவோரத்தில் ஈரமும் சேறுமாகக் கிடந்தது. கடை சாத்துகிற வரைக்கும் அம்மா அதைத் தாண்டி நாலைந்து தடவை போனாள், வந்தாள். ஒரு தடவை நின்றாள். குனிந்து, உலர்வதற்காகக் கொஞ்சம் விரித்துவிட்டு, மெஷின் அறைக்குப் போய்விட்டாள்.